நஜ்லா யார் என்று கேட்ட மாமாவுக்கு

துபாய்,
கார்த்திகை 2004

பெருமதிப்பிற்குரிய மாமா திரு. ராமையா அவர்களுக்கும், அத்தை நாகவள்ளி அவர்களுக்கும், உங்கள் வருங்கால மருமகன் (இன்னும் அப்படி எழுதிக்கொள்ள எனக்கு அனுமதி இருக்கிறது என்ற நம்பிக்கையில்) அருள்ராஜ் கை கூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. கன்னத்துக் கீறல் ஆறிவிட்டது. துறையூர்ப் பக்கம் நல்ல மழை என்று கேள்விப்பட்டேன். அந்த ஈரத்துக்கு உங்கள் முழங்கால் வலி கூடாமலும், அத்தைக்குச் சர்க்கரை ஏறாமலும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. உங்கள் கடிதம் கிடைத்தது. எடுத்த எடுப்பில் ‘அன்புள்ள’ என்ற சொல் இல்லாததால், வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்து கேம்பில் முன்பு என் அறையில் கூட இருந்த பொன்னுச்சாமியிடம் கொடுத்துவிட்டேன். அவன் இரண்டு வரி படித்துவிட்டு, “டேய், இது ஒனக்குத்தான்டா. மேற்படி நபர்னு போட்டிருக்கே, அது நீதான்” என்று திருப்பிக் கொடுத்தான். நீங்கள் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாப்பிள்ளையை மேற்படி நபர் என்று எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேற்படி நபர் நஜ்லா என்ற ஒருத்தியோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிறான், அவளுக்குத் தன் கையால் ஊட்டிவிடுகிறான், தேரா கடைத்தெருவில் தங்கத்தில் அவள் கழுத்துக்கு ஒன்று செய்துபோட்டிருக்கிறான், காரில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறான், அவள் விடமாட்டேன் என்றதால்தான் ஆவணியில் வைத்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிப்போட்டான் என்றெல்லாம் நம்பத்தகுந்த இடத்திலிருந்து தெரியவருவதாகவும், இதெல்லாம் உண்மையானால் தையிலும் கல்யாணம் கிடையாது என்றும் எழுதியிருந்தீர்கள்.

மாமா, உங்களிடம் எனக்கு மறைக்கத் தெரியாது. அத்தனையும் உண்மை. உங்களிடம் சொன்னவர் யாரோ, ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். நஜ்லாவுக்கு நான்கு கால், ஒரு வால்.

இந்த இடத்தில் அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார் என்பதால் உடனே விளக்கிவிடுகிறேன். நஜ்லா ஒரு சீட்டா. பார்க்கச் சிறுத்தை மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்கும், ஆனால் சிறுத்தை இல்லை. உடம்பு ஒல்லி, கால் நீளம், கண்ணிலிருந்து வாய்வரைக்கும் அழுது மை கரைந்து வழிந்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு. உலகத்திலேயே வேகமாக ஓடுகிற மிருகம் என்று சொல்வார்கள். இனிமேல் கடிதத்தில் நான் ‘அவள்’ என்று எழுதினால் அது பழக்கதோஷம். தயவுசெய்து நீங்கள் ‘அது’ என்று படித்துக்கொள்ளவும். அத்தைக்கு வாசித்துக் காட்டும்போதும் அப்படியே வாசிக்கவும்.

என் அர்பாப், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, மஹ்மூது என்று பெயர். தங்கமான மனிதர். எங்கள் ஏ.சி. கம்பெனியும் அவருடையதுதான். நான் ஜெபல் அலி கேம்பில் தங்கிக்கொண்டு, வேன் எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கே ஏ.சி. பார்த்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவன். ஆனி மாத வெயிலில் ஒருநாள் அர்பாப் வீட்டிலேயே ஓர் அறையில் ஏ.சி. ஓடவில்லை என்று என்னை அனுப்பினார்கள். நல்ல கம்பளம் விரித்த அறை, மெத்தை போட்ட கட்டில். ஆள் யாரும் இல்லை. நான் ஏணிமேல் ஏறி மூடியைக் கழற்றி, ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கீழே குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டார்கள்போல என்று குனிந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை வருகிறது, பிறகு கழுத்து வருகிறது, பிறகு உடம்பு வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, கடைசியில் வால் வருகிறது. மாமா, சீட்டா கர்ஜிக்காது. குருவி மாதிரிதான் கீச்சிடும். சந்தோஷமாக இருந்தால் பூனை மாதிரி குர்ரென்று தொண்டைக்குள் சத்தம் போடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு, முருகா என்று கத்தினேனா, மஹ்மூது என்று கத்தினேனா என்று இன்றுவரை நினைவில்லை. இரண்டு பேருமே வரவில்லை. அவள் (அது) என் டூல்ஸ் பையை முகர்ந்துபார்த்து, அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். ஸ்பேனர் வேண்டுமென்றால் அவளைத்தான் எழுப்ப வேண்டும். நான் எழுப்பவில்லை. கையாலேயே முடுக்கினேன்.

பிறகு அர்பாப் வந்து பார்த்தார். வாசலுக்கு வெளியே நின்றபடிதான் பார்த்தார். பெரிய சீமான்களுக்குள் இது ஒரு போட்டி மாமா. ஒருவர் வீட்டில் வல்லூறு இருந்தால் இன்னொருவர் வீட்டில் சிங்கக்குட்டி வரும். இவருடைய சிநேகிதர் ஒருவர் சிங்கக்குட்டி வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக் காட்டியிருக்கிறார். இவருக்கு அது பொறுக்காமல், யார் மூலமோ இந்தக் குட்டியை வாங்கிவந்துவிட்டார். வந்த அன்றைக்கே அது இவர் விரலைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து இவர் பாசத்தையெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றே காட்டிக்கொண்டிருந்தார். இவருடைய வீட்டம்மா, இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லையென்றால் நான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு அபுதாபியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இந்த நிலைமையில்தான், இதுவரை யாரிடமும் ஒட்டாத குட்டி என் பையில் தலைவைத்துத் தூங்குவதை அவர் பார்த்தார். பார்த்ததும் கண்ணில் தண்ணீர் விட்டு, “அருள்! ஏ.சி. காம் கலாஸ். ஆஜ் சே தும்ஹாரா டூட்டி நஜ்லா” என்றார். ஏ.சி. வேலை முடிந்தது, இன்றிலிருந்து உனக்கு நஜ்லா டூட்டி என்று அர்த்தம். எனக்கு ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை.

இப்படித்தான் மாமா, நான் கேம்பை விட்டு அவர் வீட்டுப் பின்கட்டில், அவளுடைய அறைக்கு அடுத்த அறைக்குக் குடிவந்தேன். ஒரே வீடு என்பது உண்மை. ஊட்டிவிடுவது என்பதும் உண்மை. நான் பக்கத்தில் உட்காராவிட்டால் அவள் கறியைத் தொடமாட்டாள். நான் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கீச்சிடுவாள். என் செருப்பு, பெல்ட், கைக்கடிகாரத்தின் தோல்வார் எல்லாவற்றையும் மென்றுவிட்டாள். நீங்கள் பார்த்து அனுப்பச் சொல்லி அனுப்பிய கல்யாணப் பத்திரிகை மாதிரியை நான் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்களே, மஞ்சள் தடவிய மூலை மட்டும்தான் மிச்சமிருந்தது. எழுத்துப்பிழை இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத்தான் தெரியும்.

ஆவணிக்கு லீவு கேட்டேன். கல்யாணம் என்று சொன்னதும் அர்பாப் எழுந்து கட்டிப்பிடித்து, “மப்ரூக், மப்ரூக்” என்று வாழ்த்தினார். அதோடு சரி. “நீ போனா நஜ்லா கானா மாஃபி. சாப்பிடாமச் செத்துடும். கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் போ” என்றார். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. விசாரித்ததில், சீட்டா நன்றாக வளர்த்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும் என்றார்கள். மாமா, அத்தனை வருடம் கழித்து நான் மணமேடையில் உட்கார்ந்தால், முகூர்த்தத்துக்கா சஷ்டியப்த பூர்த்திக்கா என்று வந்தவர்களுக்குச் சந்தேகம் வரும். இதையெல்லாம் உங்களுக்கு அப்போதே விளக்கி எழுதியிருக்கலாம். ஒரு பூனையால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்று எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று, ‘கம்பெனியில் முக்கிய வேலை’ என்று எழுதிவிட்டேன்.

தங்க நகை விஷயத்துக்கு வருகிறேன். அர்பாபுக்கு அவள் கழுத்தில் பெயர் பொறித்த ஒரு பட்டை போட வேண்டும் என்று ஆசை. தேராவில் நம் கீழக்கரைக்காரர் நெய்னா முகம்மது அண்ணன் கடைக்கு என்னை அனுப்பினார். அளவு கேட்டார் அண்ணன். அளவு எடுக்க அவளை அங்கே கூட்டிப்போக முடியுமா? என் கழுத்தைவிட இரண்டு விரற்கடை பெரியது என்று என் கழுத்தையே காட்டினேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “பொண்ணுக்கு இம்புட்டுப் பெரிய கழுத்தா தம்பி?” என்றார். “ஆமாண்ணே” என்றேன். “பேரு?” “நஜ்லா.” “அல்லாவே! நீங்க ஊர்ல வேற பொண்ணு பாத்திருக்கியன்னுல சொன்னாஹ?” என்றார். “அது வேறண்ணே, இது அர்பாப் வீட்டுது” என்றேன். இதைக் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு வேலைக்காரன் நகை வாங்கினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று எனக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னார். வால் இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கடையில் நின்ற எல்லோருக்கும் டீ வந்துவிட்டது.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். கடற்கரை விஷயத்தை அப்படி எழுத முடியவில்லை.

ஐப்பசியில் வெயில் தணிந்ததும், நஜ்லாவைக் காரில் வெளியே அழைத்துப்போய் நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று அர்பாபுக்குத் தோன்றிவிட்டது. அவர் ஓட்டினார், நான் முன்சீட்டில், அவள் என் மடியில் பாதி, சன்னலுக்கு வெளியே பாதி. சிக்னலில் நின்றால் பக்கத்துக் கார்க்காரர்கள் எல்லாம் சன்னலை இறக்கிப் பார்ப்பார்கள், பிறகு அவள் திரும்பிப் பார்த்ததும் சன்னலை ஏற்றிவிடுவார்கள். அர்பாப் ராஜா மாதிரி கைகாட்டிக்கொண்டே வந்தார். மம்ஜார் கடற்கரையில் இறங்கினோம். அவள் கழுத்துத் தோல்வாரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். கூட்டம் கூடியது, எல்லோரும் தள்ளிநின்று போட்டோ எடுத்தார்கள், அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு சும்மா நின்றாள். அந்த நேரத்தில் தண்ணீர் ஓரத்தில் சின்னப் பெண் குழந்தை ஒன்று, சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து ஓடியது. அவ்வளவுதான். குழந்தை எங்களைப் பார்க்கக்கூட இல்லை, ஓடியது, அவ்வளவுதான்.

நஜ்லாவின் தலை தாழ்ந்தது. தோள் எலும்பு இரண்டும் முதுகுக்கு மேலே எழும்பின. காது பின்னால் போனது. என் மடியில் தலைவைத்துத் தூங்குகிற அந்த முகத்தில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை மாமா. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. பாய்ந்துவிட்டாள். தோல்வார் என் கையில் சுற்றியிருந்ததால் அவளோடு நானும் மணலில் குப்புற இழுபட்டுப் போனேன். எப்படியோ உருண்டு அவள்மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்போது பட்டதுதான் இந்தக் கன்னத்துக் கீறல். அவள் என்னைக் கீற வேண்டும் என்று கீறவில்லை. நான் வழியில் இருந்தேன். அந்தக் குழந்தைக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற தூரம்தான் இருந்தது. அந்த அம்மா குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், திட்டவே இல்லை. வாய் மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குழந்தைக்கு ஒன்றுமில்லை. வாளியை விட்டுவிட்டது என்றுதான் அழுதது.

திரும்பி வரும்போது அர்பாப் யாருக்கும் கைகாட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் நஜ்லா பழையபடி என் மடியில் ஏறிப் படுத்து, குர்ரென்று சத்தம் போட ஆரம்பித்தாள். அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எனக்குத்தான் தடவிக்கொடுக்கக் கை வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவள் நொண்ட ஆரம்பித்தாள். இழுபட்டதில் அடிபட்டிருக்கும் என்று நினைத்து மிருக டாக்டரிடம் போனோம். டாக்டர் ஜெயபாரதி, கோயமுத்தூர்க்காரர், நம் தமிழ்ப் பெண்மணி. எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “என்னங்க சாப்பாடு குடுக்கறீங்க இதுக்கு?” என்றார். “கோழிங்க மேடம். நல்ல கோழி. எலும்பு தொண்டையில மாட்டிக்கிடும்னு அர்பாப் எலும்பில்லாத கறியாத்தான் வாங்கறாரு” என்றேன், பெருமையாக. “அதான் எலும்பில்லாமப் போயிருச்சு” என்றார். பக்கத்தில் அர்பாப் நின்றுகொண்டு, என்ன சொல்கிறார் என்ன சொல்கிறார் என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். டாக்டர் அவருக்கு ஆங்கிலத்திலும் எனக்குத் தமிழிலுமாகச் சொன்னார். காட்டில் தாய் வேட்டையாடிக் கொண்டுவந்தால் குட்டி எலும்பு, ஈரல், தோல் எல்லாம் சேர்த்துத் தின்னும். வெறும் சதையை மட்டும் தின்று வளர்கிற குட்டிக்கு எலும்பு அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஓடக்கூட வேண்டாம், கட்டிலிலிருந்து குதித்தாலே முறிந்துபோகும். “இந்தக் குட்டிகளை ஆப்பிரிக்காவுல தாய்கிட்ட இருந்து பிடுங்கி, பெட்டியில அடைச்சுப் படகுல கொண்டு வர்றாங்க. பாதிக்குமேல வழியிலயே செத்துரும். மிச்சம் வர்றது இப்படி ஆசையா வளர்க்கற வீட்டுல வந்து நொண்டியாகுது” என்றார். அர்பாப் குரல் உடைந்து, நான் அவளுக்கு ஏ.சி. போட்டேன், மெத்தை போட்டேன், தங்கத்தில் பட்டை போட்டேன் என்று வரிசையாகச் சொன்னார். டாக்டர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. “எல்லாம் குடுத்தீங்க சார். அது கேக்கறது எதையும் குடுக்கலை” என்றார். இதை மட்டும் தமிழிலேயே சொன்னதால், நான்தான் இந்திக்கு மாற்றி அர்பாபிடம் சொல்ல வேண்டியிருந்தது.

காட்டு மிருகங்களை வைத்துப் பராமரிக்கிற இடம் ஒன்று புஜைரா போகிற வழியில் மலைகளுக்கு நடுவே இருக்கிறதாம், அங்கே ஒப்படைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். அர்பாப் முடியாது என்றார். வீட்டுக்கு வந்து ஒருநாள் முழுக்க மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகளை உட்காரவைக்கிற கூடத்தில், தனியாக உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் நின்றேன். நம் ஊரில் முதலாளிக்கு முன்னால் நின்று இப்படிப் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை. இந்தியும் அரபியும் எனக்கு அரைகுறை என்பதால் தைரியம் வந்துவிட்டது. பாதி வார்த்தைதானே நம்முடையது, பாதிப் பழிதான் நம்மேல் விழும்.

“அர்பாப், நஜ்லாவை அனுப்பிடலாம்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஷாதி கே லியே?” என்றார். கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாயா என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஷாதி மாஃபி முஷ்கில் அர்பாப்! இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனாக்கூடப் பரவாயில்லை! அது கால் உடையுதே, அதுதான் முஷ்கில்!” என்று கத்திவிட்டேன். முஷ்கில் என்றால் சிக்கல். மாமா, இந்த இடத்தில் உங்களிடமும் உங்கள் மகள் அகிலாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வேகத்தில் சொன்னது. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் அர்பாப் தலையைக் குனிந்தார். “அன்னைக்கு அந்தக் கொழந்தை…” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. “எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கு அருள்” என்றார். பிறகு, “கலாஸ்” என்று சொன்னார். அவ்வளவு மெதுவாக யாரும் கலாஸ் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் நான் அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தேன். பயப்படாதே, சாப்பிடு, நான் இல்லையென்று பட்டினி கிடக்காதே, வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடு என்று, முதல்முதலாக விடுதியில் விடுகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அர்பாப் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினார், கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே பெரிய கம்பி வேலி, உள்ளே மணலும் மரமும் மேடுமாக விசாலமான இடம், பக்கத்து அடைப்பில் இன்னும் இரண்டு சீட்டாக்கள். தங்கப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கத்தில் நான் உட்காராமல் சாப்பிடமாட்டாள் என்று அங்கிருந்தவர்களிடம் படித்துப் படித்துச் சொன்னேன், ஒரு நாற்காலிகூடக் கேட்டேன். அவர்கள் ஒரு முழு முயலை, தோலோடு எலும்போடு, உள்ளே போட்டார்கள்.

மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம். முயலைக் கவ்விக்கொண்டு நொண்டி நொண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எலும்பு நொறுங்குகிற சத்தம் வேலிவரைக்கும் கேட்கிற மாதிரி சாப்பிட்டாள். இவளுக்காகத்தான் நான் ஆவணி முகூர்த்தத்தைக் கைவிட்டேன். அர்பாப் என் தோளில் கைபோட்டு, “அச்சா ஹை அருள், அச்சா ஹை” என்றார். நல்லதுதான் என்று எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

இப்போது அர்பாப் வீட்டம்மா பிள்ளைகளோடு அபுதாபியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். எனக்குத் தாராளமாக லீவு கிடைத்துவிட்டது. ஆகவே நீங்கள் மனக்குறை எதுவும் வைத்துக்கொள்ளாமல், சொன்னபடி தையிலேயே ஒரு நல்ல முகூர்த்தம் பார்த்து, மண்டபத்துக்கு ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி என் வாழ்க்கையில் நஜ்லா என்று யாரும் கிடையாது. உங்கள் ஊரில் யாராவது மலைப்பக்கம் கிடைத்தது, பார்க்க அழகாக இருக்கிறது என்று காட்டுப்பூனைக் குட்டியைத் தூக்கிவந்தால், நீங்கள் பழைய ஏட்டையா மிடுக்கோடு நாலு வார்த்தை கண்டித்து, வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லவும். குட்டியாக இருக்கும்போது எல்லாம் அழகுதான். அதற்குப் பசிக்கும், அது ஓடும், ஓடுவதைத் துரத்தும். நம் வீட்டில் அதற்கு இடம் கிடையாது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

அத்தைக்கு என் பணிவான வணக்கம். சித்தப்பா வீட்டுக்கும், எதிர்வீட்டு சரசு அக்காவுக்கும் நான் விசாரித்ததாகச் சொல்லவும். அகிலாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, படிப்பில் கவனமாக இருக்கச் சொல்லவும். உங்கள் ஆசிதான் எனக்குப் பக்கபலம்.

இப்படிக்கு, எப்போதும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
அருள்ராஜ்

பின்குறிப்பு: மாமா, இந்தக் கடிதத்தை ஊருக்கு வரும் பொன்னுச்சாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். விமான நிலையத்தில் அவன் பெட்டியை எடை போட்டுக்கொண்டு நிற்கிறான், இப்போதுதான் அகிலா காலேஜுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் மொபைலுக்குப் போன் செய்தாள். எல்லாம் முடிந்தது, மாமாவுக்கு முழுக்க விளக்கி எழுதிவிட்டேன், தையில் கல்யாணம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது. “யாருங்க ஒங்கள எழுதச் சொன்னது? எனக்குச் சித்திரையில பி.எட். பரீட்சை இருக்கு. தையில தாலி கட்டிட்டா அப்புறம் யாரு என்னைப் படிக்க விடுவா? தள்ளி வைங்கன்னா அப்பா கேக்கமாட்டேங்கறாரு. அதான் நஜ்லான்னு ஒருத்தி இருக்கா, இவரு ஊட்டிவிடறாரு, கழுத்துக்குச் செஞ்சுபோட்டாருன்னு நான்தான் சொன்னேன். நீங்க போன்ல எங்கிட்டச் சொன்னதைத்தானே சொன்னேன், ஒரு வார்த்தை பொய் உண்டா?” என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் இல்லைதான். இந்த விஷயம் அப்பாவுக்குத் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தாள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததாகத் தயவுசெய்து காட்டிக்கொள்ள வேண்டாம். புதிதாக வேறு கடிதம் எழுத நேரமில்லை, பொன்னுச்சாமியைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் மேலே எழுதிய எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். நஜ்லா ஒரு பெண்தான், என் குடுமி அவள் கையில்தான். வைகாசிக் கடைசியில் நல்ல முகூர்த்தமாகப் பாருங்கள். அதுவரை என்மேல் மிகுந்த கோபமாகவே இருக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.